பதினொரு பைகளும் ஐம்பத்தைந்து நிமிடங்களும்

2019 மார்ச் 9, சனிக்கிழமை. அன்று அளித்த சிகிச்சைக்காகச் சிப்ளூண் நகரின் தனியார் மருத்துவமனை ஒன்று, சுகந்தா தின்கர் புவட் என்னும் இருபத்தேழு வயதுப் பெண்ணின் பில்லில் பதினொரு பை இரத்தத்தின் பேரில் கணக்கெழுதிப் பணம் வசூலித்தது. அந்தப் பதினொரு பைகளிலிருந்து ஒரு சொட்டுக்கூட அவள் உடம்பில் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவள் இறந்திருப்பாள். அவளுக்குப் பொருந்திய பன்னிரண்டாவது பை என் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்கு நான் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. ஆனால் அந்த ஒரு பையைக் காரணம் காட்டி, 'அரிய இரத்த ஏற்பாட்டுக் கட்டணம்' என்ற தலைப்பில் மேலும் பதினாலாயிரம் ரூபாய் வாங்கினார்கள்.

என் குறை இதுதான். இதை ஆதாரத்தோடு எழுத என்னால் முடியும். எனினும், அதே நாளில் நான் செய்த ஒரு காரியமும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு. உத்தரவிட்டவர் யார் என்பது உரிய இடத்தில் வரும்.

நான் ஜில்லா பரிஷத் என்னும் மாவட்டப் பஞ்சாயத்தின் பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் மராத்தியும் வரலாறும் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஊரில் என்னைச் சால்கே குருஜி என்பார்கள். என் இரத்தம் பம்பாய் வகையைச் சேர்ந்தது. சாதாரணச் சோதனையில் அது O என்றே தோன்றும். ஆனால் அது O அன்று. O வகையினரின் இரத்தத்தில் இருக்கும் ஓர் அடிப்படைப் பொருள் எங்கள் இரத்தத்தில் இல்லை. ஆகவே எல்லோருக்கும் ஏற்றலாம் என்று சொல்லப்படும் O இரத்தம்கூட எங்களுக்கு நஞ்சு. எங்களுக்கு எங்களில் ஒருவர்தான் கொடுக்க முடியும். நாங்கள் பத்தாயிரம் பேரில் ஒருவர் என்கிறார்கள். எங்கள் வட்டத்தில், எனக்குத் தெரிந்து, கொடுக்கும் உடல்நிலையில் இருந்தவன் நான் ஒருவன்தான். கராட், கோலாப்பூர், ரத்னகிரி என்று அழைத்த இடத்துக்கெல்லாம் அரசுப் பேருந்தில் போய் இருபத்தாறு முறை கொடுத்திருக்கிறேன். நம் நாட்டில் இரத்தத்தை விற்கவோ வாங்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. சோதிப்பதற்கும் பாதுகாப்பதற்கும் ஆகும் செலவை மட்டும் நோயாளியிடம் வாங்கலாம். நான் சட்டத்தை நம்பினேன்.

2017இல் அந்த நம்பிக்கையில் முதல் கீறல் விழுந்தது. குஹாகரைச் சேர்ந்த முதியவர் ஒருவருக்கு இதே மருத்துவமனையில் கொடுத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து, சிப்ளூண் பேருந்து நிலையத்தில் வடாபாவ் கடை முன்னால் அவருடைய மகன் என்னை நிறுத்தினான்.

"குருஜி, ஒரு சந்தேகம். கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"உங்க பைக்குன்னு பன்னண்டாயிரம் கட்டினோம். அதுல உங்க பங்கு எவ்வளவு?"

"எனக்கு ஒரு பைசா வரல. பேருந்துக் காசும் என் கையிலிருந்து போட்டது."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஒண்ணுமே வரலைன்னா வேகாத வெயில்ல எதுக்குக் குருஜி இவ்வளவு தூரம் வர்றீங்க?" என்றான். அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன், அவன் சிரித்தான். வடாபாவ் கடைக்காரனும் மிளகாயை எண்ணெயில் போட்டுக்கொண்டே சிரித்தான். அன்றிலிருந்து அந்தக் கடையில் எனக்குப் 'பன்னண்டாயிரம் குருஜி' என்று பெயர்.

வீட்டுக்கு வந்து என் மனைவி மந்தாகினியிடம் சொன்னேன். அவள் என் பக்கம் பேசவில்லை.

"அவன் கேட்டதுல என்ன தப்பு? நீங்க சும்மா குடுத்ததை அவன் கண்ணால பார்த்தானா? அவன் பார்த்தது பில்லு. அடுத்த தடவை குடுக்குறதுக்கு முன்னாடி எழுதி வாங்கிக்குங்க. பள்ளிக்கூடத்துல ஒரு சாக்பீஸ் பெட்டிக்கே மூணு கையெழுத்து கேட்டவர்தானே நீங்க."

அடுத்த முறை எழுதி வாங்குவது என்று அன்றே முடிவு செய்தேன். அந்த அடுத்த முறைதான் மார்ச் 9.

அன்று காலை பத்தரை மணிக்கு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து மிருணால் பவார் என்னும் சோதனைக்கூடப் பெண் தொலைபேசியில் அழைத்தாள். முந்தைய முறையும் என்னிடம் இரத்தம் எடுத்தவள் அவள்தான். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். விடியற்காலையில் சுகந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிறந்த பிறகு இரத்தப்போக்கு நிற்கவில்லை. சுகந்தாவின் கைப்பையில் ஓர் இரத்ததான அட்டை இருந்தது. அவள் ஊர்க் கணபதி விழாக் குழுவின் முகாமில் இரண்டு ஆண்டுகள் இரத்தம் கொடுத்து, ஆண்டுக்கொரு எவர்சில்வர் டப்பாவும் வாங்கியவள். அட்டையில் O என்று எழுதியிருந்தது. முகாமில் அவசரச் சோதனை. அதற்கு மேல் யாரும் பார்க்கவில்லை. அட்டையை நம்பி, எட்டு மணியிலிருந்து O பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் இரத்தத்தோடு பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் பொருந்தாமல் பால் போலத் திரிந்தது. காலைப் பணியில் இருந்தவன் குழாய் சுத்தமில்லை என்று நினைத்து அடுத்த பையை எடுத்தான். அதுவும் திரிந்ததும் சோதனை மருந்து பழசு என்று நினைத்து அதற்கடுத்ததை எடுத்தான். இப்படிப் பதினொன்று. பத்து மணிக்குப் பணிக்கு வந்த மிருணால் முதல் குழாயைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

"அவங்க வீட்டுக்காரர் ரிக்‌ஷா ஓட்டுறார், குருஜி. உங்க வீட்டுக்குத்தான் கிளம்பியிருக்கார். சாப்பிட்டீங்களா?"

"அவல் போஹா சாப்பிட்டாச்சு."

"நல்லது. தண்ணி நிறையக் குடிச்சிட்டு வாங்க."

தின்கர் புவட் வந்தான். முப்பது வயது, சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான். ரிக்‌ஷாவின் ஹாரன் வேலை செய்யவில்லை. பாலத்தின் மேல் நின்றவர்களைக் கையால் தகரத்தில் தட்டியே விலக்கினான்.

"குருஜி, நீங்க எங்க அண்ணனை அஞ்சாவதுல பெயிலாக்கினவர்தானே?"

"பேரு?"

"பிரகாஷ் புவட்."

"அவனுக்குப் பிழையில்லாம எழுத வராது."

"இன்னும் வராது," என்றான். சிரிக்க முயன்றான், முடியவில்லை. "பொண்ணு பொறந்திருக்கு குருஜி. நான் இன்னும் முகத்தைப் பார்க்கல. அவளுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஆகாது," என்றேன். எந்த உரிமையில் சொன்னேன் என்று தெரியவில்லை.

பதினொன்று பத்துக்கு மருத்துவமனைக்குள் நுழைந்தேன். தின்கர் மாடிக்கு ஓடினான். நான் இரத்த வங்கிக்குப் போகாமல் அதற்கு எதிரிலிருந்த பில் பிரிவுக்குப் போனேன். "என் இரத்தத்தின் பேரில் நோயாளியிடம் சாதாரணப் பையின் கட்டணத்துக்கு மேல் எதுவும் வசூலிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள், பிறகு கொடுக்கிறேன்" என்று அங்கிருந்த எழுத்தரிடம் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. யாரையோ தொலைபேசியில் கேட்டுவிட்டு, மருத்துவமனையின் காகிதத்தில் நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதோடு நான் எழுந்திருக்க வேண்டும். ஆனால் காகிதத்தில் வட்ட முத்திரை இல்லை.

எங்கள் பக்கத்தில் வட்ட முத்திரை இல்லாத காகிதத்தை எவரும் காகிதமாக மதிப்பதில்லை. கிராமப் பஞ்சாயத்து, வங்கி, தாலுகா அலுவலகம் என்று எங்கே போனாலும் முதலில் நீல வட்டத்தைத்தான் தேடுவார்கள். பிறகுதான் எழுத்தைப் படிப்பார்கள். நானும் முப்பத்து மூன்று ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். என் மாணவர்களையும் அப்படியே வளர்த்தேன்.

"முத்திரை?" என்றேன்.

"அலமாரியில இருக்கு, குருஜி. சாவி மேனேஜர் சாவந்த் சாஹேப்கிட்ட. அவர் சொந்தக்காரங்க வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருக்கார். வந்ததும் போட்டுத் தந்துடறேன். நீங்க போய்ப் படுங்க."

"வரட்டும்."

நான் நடைபாதையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். கடிதம் என் மடியில் இருந்தது. மிருணால் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன் இங்க உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க. பேப்பர் பின்னாடி வரும்."

"போன தடவை பேப்பர் கேக்காமலே குடுத்தேன். பின்னாடி வந்தது பில்லு."

அவள் உள்ளே போனாள். சற்று நேரத்தில் மீண்டும் வந்தாள். கையுறையைக் கழற்றாமலே வந்திருந்தாள்.

"குருஜி, மேலேயிருந்து இப்பத்தான் போன் வந்தது. ரத்தம் நிக்கல. பை தயாராகிடுச்சான்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"என்னை அவசரப்படுத்தணும்னு சாவந்த் சொல்லி அனுப்பினாரா?"

இந்தக் கேள்வியை நான் கேட்டேன். வேறு யாரும் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. 'போன முறை இந்த மனிதர் தன் பேருந்துக் காசைக்கூட வாங்கவில்லையே' என்று அவள் நினைத்திருக்கலாம். அல்லது எதையுமே நினைக்காமல் நின்றிருக்கலாம். கதவு மூடிக்கொண்டது.

சுவர்க் கடிகாரம் பதினொன்று ஐம்பதைக் காட்டியபோது தின்கர் மாடிப்படியில் இறங்கி வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் குப்பி; அதில் புளிப்பான கோகம் பழச் சர்பத். எதிர்க்கடையில் வாங்கியிருக்கிறான். பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது. எல்லாம் முடிந்து நான் களைப்பாற உட்கார்ந்திருப்பதாக அவன் எண்ணிக்கொண்டான்.

"குடிங்க குருஜி. ரத்தம் குடுத்த உடம்பு, தலை சுத்தும். உப்பு கொஞ்சம் தூக்கலாப் போடச் சொன்னேன்."

இன்னும் கொடுக்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டே சொற்கள். சொல்லவில்லை. குப்பியை வாங்கிப் பாதி குடித்தேன். அவன் நின்று நான் குடிப்பதைப் பார்த்தான். பிறகு என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மாடிக்குப் போனான்.

அதன் பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து கதவைத் தட்டினால், தின்கரிடம் பொய்யாக நடந்துகொண்டேன் என்பது எனக்கே உறுதியாகிவிடும் என்று தோன்றியது. அப்படி ஒரு மூட எண்ணம். சாவந்த் பட்டுச் சட்டையுடன் பன்னிரண்டுக்கு வந்தார். அலமாரியைத் திறந்தார், முத்திரையை மையில் ஒற்றினார், ஊதினார், பதித்தார். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கையை நீட்டினேன். அப்போது மணி பன்னிரண்டு ஐந்து.

பை நிறையப் பத்து நிமிடம். நோய்க்கிருமிச் சோதனைகளுக்கு நாற்பது நிமிடம். பை மாடிக்குப் போனபோது ஒரு மணி. அறுவைக் கூடத்தில் மருத்துவர் பன்னிரண்டு நாற்பதுக்கே முடிவெடுத்துவிட்டார். மருந்தால் நிற்காத இரத்தத்தை நிறுத்த ஒரே வழி என்று கர்ப்பப்பையை அகற்றத் தொடங்கிவிட்டார். என் இரத்தம் ஏறிய பிறகு சுகந்தா பிழைத்தாள். இனி அவளுக்குக் குழந்தை பிறக்காது.

எட்டு நாள் கழித்துச் சுகந்தாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் தின்கர் பில்லை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். ரிக்‌ஷாவின் பேரில் கடன் வாங்கிக் கட்டியிருந்தான். பில்லில் என் பைக்கு நேராக ஆயிரத்து நானூற்றைம்பது ரூபாய். சாதாரணக் கட்டணம், கடிதத்தில் எழுதியபடியே. அதற்குக் கீழே 'இரத்தப் பொருத்தச் சோதனை, பதினொரு பை' என்று ஒரு வரி, பைக்குத் தொள்ளாயிரம். அதற்கும் கீழே பதினாலாயிரத்தின் வரி. முத்திரையிட்ட என் கடிதம் என் பையைக் காப்பாற்றியது. அவர்கள் பணத்தை வேறு வரிகளில் வாங்கிக்கொண்டார்கள்.

"பதினொரு பை எங்க போச்சு குருஜி?" என்று தின்கர் கேட்டான். "அவ உடம்புல ஏறினது ஒண்ணுன்னு நர்ஸ் சொன்னாங்க."

எங்கே போயின என்பதைப் பின்னர் மிருணால் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்தப் பைகள் குளிர்பெட்டிக்குத் திரும்பின. அடுத்த இரண்டு வாரங்களில் வேறு நோயாளிகளுக்கு ஏறின. அவர்களும் அதே பைகளுக்குப் பொருத்தம் பார்த்த கட்டணம் கட்டினார்கள். அட்டையை நம்பியது மருத்துவமனை. ஒரே தவற்றைப் பதினொரு முறை செய்தது அதன் ஊழியர். பத்து நிமிடத்தில் தீர வேண்டிய ஐயத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்தத் தவற்றின் ஒவ்வொரு படிக்கும் விலை வைத்து, அதனால் இறந்திருக்கக் கூடியவளிடமே வாங்கியிருக்கிறார்கள். 'ஏற்பாட்டுக் கட்டணம்' என்பது என்ன ஏற்பாடு? ஒரு தொலைபேசி அழைப்பு. என்னை அழைத்து வந்த ரிக்‌ஷா நோயாளியின் கணவனுடையது.

மும்பையிலுள்ள உரிய அதிகாரிக்கு மூன்று பக்கத்தில் புகார் எழுதினேன். அனுப்பும் முன், மரியாதைக்காக ஒரு நகலை எடுத்துக்கொண்டு ஏப்ரலில் சாவந்தைப் பார்க்கப் போனேன். அவர் எழுந்து நின்று நாற்காலி போட்டார்; தேநீர் வரவழைத்தார்.

"என்னை ஞாபகம் இல்லையா குருஜி? ஏழாவது 'ப' பிரிவு. ஒரு காற்புள்ளி விட்டதுக்கு பெஞ்ச் மேல நிக்க வெச்சீங்க."

"விட்டிருந்தா நிக்க வெச்சிருப்பேன்."

"அதைத்தான் சொல்றேன். முத்திரை இல்லாத பேப்பர் குப்பைன்னு சொல்லிக் குடுத்ததும் நீங்கதான். விண்ணப்பம் எழுதுற பாடம்." அவர் என் புகாரை முழுவதும் படித்தார். ஓரிடத்தில்கூட முகம் மாறவில்லை. "அழகா எழுதியிருக்கீங்க. பிழையே இல்ல. ஆனா ஒரு விவரம் விட்டுப் போச்சு."

மேசை இழுப்பறையிலிருந்து இரத்த வங்கிப் பதிவேட்டின் ஒரு பக்க நகலை எடுத்து என் பக்கம் தள்ளினார். அதில் இருந்தவை மூன்று வரிகள். கொடையாளர் வருகை 11:10. இரத்தம் எடுக்கத் தொடங்கியது 12:05. தாமதத்துக்குக் காரணம்: கொடையாளர்.

"இதை எழுதினது யாரு?"

"யார் எழுதினா என்ன குருஜி, உண்மைதானே? நாங்க உங்களை உக்கார வைக்கல. உள்ள கூப்பிட்டோம், ரெண்டு தடவை. புகாரை அனுப்புங்க, உங்க உரிமை. விசாரணைன்னு வந்தா நாங்களும் இதைக் குடுக்கணும். அந்தப் புவட் பையனும் படிப்பான். பாவம், ஊரெல்லாம் உங்களைத் தெய்வம்னு சொல்லிட்டுத் திரியறான்." கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். "டீ ஆறுது."

எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை நடந்தது ஏன் அந்தப் பதிவேட்டில் இல்லை என்று கேட்டேன். "அது சோதனை, குருஜி. தாமதம் இல்ல," என்றார்.

புகாரைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூன்று வாரம் அது என் மேசையில் கிடந்தது. அறுவை செய்த மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். 'ஒரு மணி நேரம் முன்னால் இரத்தம் வந்திருந்தால் கர்ப்பப்பையைக் காப்பாற்றியிருக்க முடியுமா?' என்று கேட்டேன். "காப்பாத்தியிருக்கலாம். முடியாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது சார். தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்," என்றார். அவர் பொய் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். எந்தப் பக்கத்துப் பொய்யானாலும்.

மந்தாகினி ஒரு நாள் மேசையைத் துடைக்க வந்தவள் புகாரைத் தூக்கிப் பார்த்தாள்.

"தபால்காரர் வீட்டுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போவாருன்னு வெச்சிருக்கீங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தாள். "எழுதி வாங்குங்கன்னு நான்தான் சொன்னேன். வாங்கற வரைக்கும் உக்காந்திருங்கன்னு சொன்னேனா?" என்றாள். பிறகு, "சாவந்த் சொல்லித் தெரியறதுக்குள்ள நீங்க போய்ச் சொல்லுங்க," என்றாள்.

மே மாதத்தில் போனேன். புவட் குடும்பத்தின் வீடு வாஷிஷ்டி ஆற்றின் அக்கரையில் இருக்கிறது. முற்றத்தில் கோகம் பழத்தோலைப் பாயில் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். கூடத்துக் கூரையிலிருந்து தொங்கிய தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சுகந்தா ஒரு கையால் கயிற்றை இழுத்தபடி அரிசியில் கல் பொறுக்கினாள். முகம் இன்னும் வெளுத்தே இருந்தது. தின்கர் எனக்குப் பலகை போட்டுவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

நான் சுற்றி வளைக்கவில்லை. பதினொன்று பத்திலிருந்து பன்னிரண்டு ஐந்து வரை நடந்ததைச் சொன்னேன். மிருணால் இரண்டாம் முறை வந்தபோது நான் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

தின்கர் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்போ நான் சர்பத் கொண்டாந்தப்ப…"

"இன்னும் குடுக்கல."

"குடிச்சீங்களே."

"குடிச்சேன்."

அவன் எழுந்து வெளியே போனான். ரிக்‌ஷாவின் கண்ணாடியைத் துடைக்கும் ஓசை கேட்டது. ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடி அது.

நான் சுகந்தாவிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"அதெல்லாம் வேண்டாம் குருஜி. நீங்க மன்னிப்புக் கேட்டா நான் ஏதாவது பதில் சொல்லணும். எனக்கு இப்போ அதுக்குத் தெம்பில்ல, பாப்பா வேற எழுந்துடும்." முறத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள். "அவங்க ரெண்டு மணி நேரம் தொலைச்சாங்க. நீங்க ஒரு மணி நேரம் தொலைச்சீங்க. காசு கட்டினது நாங்க. எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான், சரியா?"

"சரி."

"அந்தப் புகாரை அனுப்பிட்டீங்களா?"

"இல்ல."

"ஏன், அவங்க உங்களைப் பத்திச் சொல்லிடுவாங்கன்னா?"

நான் தலையசைத்தேன்.

"நல்லா இருக்கு," என்றாள். "நீங்க பயந்து உக்காந்தா, அடுத்து எவளோ ஒருத்தி பதினொரு பைக்குக் கட்டுவா. அனுப்புங்க. பத்திரிகையிலயும் எழுதுங்க. ஆனா அந்த அம்பத்தஞ்சு நிமிஷத்தையும் சேர்த்து எழுதுங்க. அதை விட்டுட்டு மீதியை மட்டும் எழுதினீங்கன்னா, அது அவங்க பில்லு மாதிரிதான் இருக்கும்."

விடைபெற்று வெளியே வந்தேன். தின்கர் ரிக்‌ஷாவின் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை, ஏறச் சொல்லவுமில்லை. நான் பாலம் வரை நடந்தேன். மூன்று கிலோமீட்டர். அவன் பின்னால் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் புகாரில் நான்காவது பக்கம் ஒன்றைச் சேர்த்து அனுப்பினேன். இது ஜூலை மாதம். அதிகாரியிடமிருந்து ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது, வட்ட முத்திரையோடு. வேறொன்றும் வரவில்லை. பில் பிரிவின் சுவரில் புதிய கட்டணப் பட்டியல் ஒட்டியிருப்பதாக மிருணால் சொன்னாள். அதில் 'அரிய இரத்த ஏற்பாட்டுக் கட்டணம்' பதினாறாயிரம் ஆகியிருக்கிறது. தின்கர் கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். வடாபாவ் கடையில் என்னை இப்போது எந்தப் பெயரில் அழைக்கிறார்கள் என்று தெரியாது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

வரும் ஆகஸ்ட் இரண்டாம் நாள் எனக்கு அறுபத்தைந்து நிறைகிறது. அதற்குப் பிறகு என்னிடமிருந்து இரத்தம் எடுக்கச் சட்டம் அனுமதிக்காது. எங்கள் வட்டத்தில் அடுத்து ஒருத்திக்கு இரத்தம் நிற்காமல் போனால், மிருணால் யாரை அழைப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் வீட்டு அலமாரியில், யாருக்காவது இரத்தம் ஏற்றிய பில் கிடக்கும். அதை இன்றே எடுங்கள். எத்தனை பை ஏறியது, எத்தனை பைக்குப் பணம் கட்டினீர்கள் என்று பாருங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இல்லையென்றால் வாங்கியவர்களிடம் போய் மீதிப் பைகள் எங்கே என்று கேளுங்கள். உங்கள் அட்டையில் O என்று எழுதியிருந்தால், அதை மட்டும் நம்பாமல் O இரத்தத்தோடு சேர்த்து ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். அது திரிந்தால் நீங்கள் எங்களில் ஒருவர். உங்கள் பெயரை அருகிலுள்ள இரத்த வங்கியில் கொடுங்கள். அழைப்பு வந்ததும் போங்கள். போய் முதலில் கையை நீட்டுங்கள். காகிதத்தை அதன் பிறகு கேளுங்கள். ஆனால் கேட்காமல் திரும்பாதீர்கள்.